மாடு செத்தால், புல் காய்ந்தால், வேலி எரிந்தால்: அமெரிக்கக் கவுண்டியில் பேரிடர் மானியம் வாங்கும் வழி

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்துபோனது நினைவிருக்கும். கரண்ட் போன மூன்றாம் நாள் விடியற்காலையில் கொட்டிலுக்குப் போனேன். முந்தின இரவு ஈன்ற இரண்டு தாயாடுகள் குட்டிகளை நக்கிக்கொண்டு நின்றன. குட்டிகள் விறைத்துக் கிடந்தன. காது மடலைத் தொட்டால் அப்பளம் மாதிரி ஒடியும் போலிருந்தது. அந்த வாரத்தில் மொத்தம் ஒன்பது குட்டிகள் போயின. தரை இளகியதும் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, வீட்டுக் குழாய் வெடித்ததைப் பார்க்க ஓடிவிட்டேன். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தீவனக் கடையில் பக்கத்துப் பண்ணைப் பெரியவர் கேட்டார்: “எல்.ஐ.பி. எழுதிக் கொடுத்துட்டியா?” பேரிடரில் செத்த கால்நடைக்கு அரசு பணம் தரும் திட்டம் அது. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மறுநாள் அதற்கான அரசு அலுவலகம் போனால், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டது மூன்றே கேள்வி. புயலுக்கு முன் எத்தனை குட்டி இருந்தது? எத்தனை செத்தது? எதை வைத்துச் சொல்கிறீர்கள்? மூன்றாவதற்கு என்னிடம் பதில் இல்லை.

நம்மவர்கள் சிலர் இங்கே இருபது முப்பது ஏக்கர் வாங்கி ஆடு, மாடு விடத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காகவும், இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று அறிய விரும்புகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில், எந்தக் கதவைத் தட்டுவது

பேரிடர் என்றதும் எல்லோரும் மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமாவை நினைக்கிறார்கள். ஃபீமா வீட்டுக்கு. ஆடுமாட்டுக்கு மத்திய விவசாயத் துறையான யூ.எஸ்.டி.ஏ.வின் கீழ் இயங்கும் ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி, சுருக்கமாக எஃப்.எஸ்.ஏ. கிராமப்புறக் கவுண்டிகளில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) பெரும்பாலும் கவுண்டித் தலைநகரிலேயே இதற்கு அலுவலகம் இருக்கும். சின்னக் கவுண்டியாக இருந்தால் இரண்டு மூன்று கவுண்டிக்குச் சேர்த்து ஒன்று. போனில் நேரம் வாங்கிக்கொண்டு போவது நல்லது.

ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு கமிட்டி உண்டு. விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த விவசாயிகள், மூன்றாண்டுப் பதவி. உங்கள் விண்ணப்பம் அந்தக் கமிட்டியின் பார்வைக்குப் போகும். எந்த மேய்ச்சல் நிலத்தில் எத்தனை ஏக்கருக்கு ஒரு மாடு தாங்கும், எந்த வாரம் பனி விழும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கணக்கைக் கூட்டி எழுதினால் முதலில் புருவம் உயர்வது அங்கேதான்.

போனில் பேசினாலும் நேரில் போனாலும், எதற்காக வந்தீர்கள், என்ன சொன்னார்கள் என்று குறித்து ஒரு ரசீது கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது விதி. பின்னால் “நீங்கள் சொல்லவே இல்லையே” என்ற பேச்சு வந்தால் அந்தத் துண்டுக் காகிதம் பேசும்.

பேரிடர் வருமுன் முடிக்க வேண்டிய வேலை

முதல் தடவை போகும்போதே நிதானமாக, வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் போங்கள். கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி எண் அல்லது கம்பெனியாக இருந்தால் அதன் வரி எண், நிலப் பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம். அவர்கள் உங்கள் நிலத்துக்கு ஒரு பண்ணை எண் போட்டு, வான்படத்தில் எல்லை காட்டுவார்கள். பிறகு படிவங்கள் வரிசையாக வரும். ஏ.டி-2047 உங்கள் சுயவிவரம். சி.சி.சி-902 பண்ணையை யார் நடத்துகிறார், யார் பணம் போடுகிறார் என்பது. சி.சி.சி-941 வருமான உறுதிமொழி. ஏ.டி-1026 மண் அரிக்கும் நிலத்தையும் ஈர நிலத்தையும் கெடுக்க மாட்டேன் என்ற உறுதி. எஃப்.எஸ்.ஏ-578 எந்த ஏக்கரில் என்ன புல், என்ன பயிர் என்ற அறிக்கை.

கடைசியில் சொன்ன 578-ஐத்தான் ஆடுமாடு வைத்திருப்பவர்கள் அலட்சியம் செய்கிறார்கள். “நான் பயிர் வைக்கவில்லையே, வெறும் புல்தானே” என்பார்கள். அந்தப் புல்லுக்குத்தான் வறட்சிப் பணம். ஏக்கர் அறிக்கை இல்லாத புல், எஃப்.எஸ்.ஏ. கண்ணில் புல்லே இல்லை.

வருமான வரம்பு ஒன்று உண்டு: சராசரி ஆண்டு வருமானம் 9,00,000 டாலருக்கு மேல் போனால் பொதுவாகக் கிடையாது. நம்மில் பலருக்கு அதைவிடப் பெரிய தடை வேறு. தனிநபராக விண்ணப்பிக்கிறவர் குடிமகனாகவோ, நிரந்தரக் குடியிருப்பு உரிமை, அதாவது கிரீன் கார்டு, உள்ளவராகவோ இருக்க வேண்டும். எச்-1பி விசாவில் இருந்துகொண்டு நிலம் வாங்கலாம், ஆடும் வாங்கலாம். இந்த வரிசையில் மட்டும் நிற்க முடியாது.

குத்தகைக்கு மேய்ப்பவர்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று ரொக்கக் குத்தகை என்றால் சிக்கலில்லை. மாடு எத்தனை பவுண்டு எடை ஏறுகிறதோ அதற்குத் தகுந்தாற்போல் வாடகை என்று எழுதியிருந்தால், வறட்சித் திட்டத்தில் உங்களுக்குத் தகுதி போய்விடும். வாய்ப்பேச்சுக் குத்தகையாக இருந்தால் இன்றைக்கே எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

செத்த உருப்படிக்கு: எல்.ஐ.பி.

லைவ்ஸ்டாக் இன்டெம்னிட்டி புரோகிராம். பனிப்புயல், கடுங்குளிர், கடும் வெப்பம், வெள்ளம், சூறாவளி, மின்னல், காட்டுத்தீ ஆகியவற்றில் செத்த உருப்படிக்குச் சந்தை மதிப்பில் 75 விழுக்காடு. மதிப்பை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வகைக்கும், எடைக்கும் தேசிய அளவில் ஒரே விலைப்பட்டியல் ஆண்டுதோறும் வெளியாகும். உங்கள் கிடாரி ஏலத்தில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட ஓநாய் போன்ற விலங்கு அடித்துக் கொன்றாலும் இதே திட்டம்தான். 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டம் அந்த வகை இழப்புக்கு மட்டும் 75-ஐ 100 ஆக்கியது. சினையோடு செத்தால் வயிற்றுக் கன்றுக்கும் ஒரு தொகை சேர்த்தது. சாகாமல் அடிபட்டு, அதனால் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்ட உருப்படிக்கும் கேட்கலாம். இது பலருக்குத் தெரியாது.

தொழிலுக்கு வளர்க்கும் உருப்படியாக இருக்க வேண்டும். ஆசைக்கு வளர்க்கும் குதிரை, பேரப்பிள்ளை பெயர் வைத்த ஆடு, இதெல்லாம் கணக்கில் வராது.

அடுத்தது கழிவு. எந்த மந்தையிலும் வருஷத்துக்குச் சில உருப்படிகள் எப்படியும் சாகும். அந்த இயல்பான இறப்பு விகிதத்தை மாநிலக் கமிட்டி வகைவாரியாக வைத்திருக்கும். 200 மாடு, விகிதம் 1.5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாடு கழியும். பனிப்புயலில் 14 செத்தால் பணம் 11-க்கு. இளங்குட்டிகளுக்கு விகிதம் கூடுதலாக இருக்கும். சிறிய மந்தைக்காரருக்கு இது கையைக் கடிக்கும். நாலைந்து குட்டி செத்திருந்தால் கழித்தபின் ஒன்றும் மிஞ்சாமலும் போகலாம். போய்க் கேட்பதற்கு முன் விகிதத்தைப் போனில் விசாரித்துவிடுங்கள்.

இனி, என் மூன்றாவது கேள்வி. எதை வைத்து நிரூபிப்பது? செத்த அன்றே, புதைப்பதற்கு முன், இதைச் செய்யுங்கள்.

போனில் இருப்பிடம் பதிவாகும்படி வைத்துக்கொண்டு ஒவ்வொரு உடலையும் தனியாகப் படமெடுங்கள். காது வில்லையின் எண் தெரிய ஒன்று, உடல் முழுதும் ஒன்று, சுற்றியுள்ள பனியோ வெள்ளமோ கருகிய புல்லோ தெரிய ஒன்று. பிறகு எல்லாவற்றையும் சேர்த்து நடந்துகொண்டே ஒரு வீடியோ, வாயால் எண்ணிக்கொண்டே. சட்டைப்பை நோட்டில் தேதி, எண், வயது, இடம். கால்நடை மருத்துவர் வந்தால் அவரிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். உடலை எடுத்துச் செல்லும் வண்டிக்காரரின் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். எதுவுமே இல்லாத நிலையில், உங்களுக்கு உறவோ கூட்டோ இல்லாத ஒருவர் தாம் கண்ணால் கண்டதை எழுதிக் கொடுக்கலாம். நான் தப்பித்தது அப்படித்தான். தண்ணீர்த் தொட்டிப் பனியை உடைத்துக் கொடுக்க வந்த பெரியவர் கொட்டில் ஓரத்தில் கிடந்ததை எண்ணி வைத்திருந்தார்.

செத்ததைக் காட்டினால் போதாது, முன்னால் இருந்ததையும் காட்ட வேண்டும். ஏல ரசீது, தடுப்பூசிக் கணக்கு, வங்கிக்குக் கொடுத்த சொத்துப் பட்டியல், வரிக் கணக்கு, எதுவானாலும் சரி. ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் மந்தையை எண்ணி எழுதி, படமெடுத்து, அதை எனக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்கிறேன். அரை மணி நேர வேலை.

படிவம் சி.சி.சி-852. கடைசி நாள், இழப்பு நடந்த ஆண்டுக்கு அடுத்த மார்ச் 1. ஆனால் மார்ச் வரை இழுக்காதீர்கள். நோட்டில் மழைத்துளி பட்டு அழிந்துபோகும், எண்ணிக்கையும் மறந்துபோகும்.

காய்ந்த புல்லுக்கு: எல்.எஃப்.பி.

லைவ்ஸ்டாக் ஃபோரேஜ் புரோகிராம். எந்தச் செத்த மாட்டையும் காட்ட வேண்டாம், காய்ந்த புல்லைக்கூடக் காட்ட வேண்டாம். முடிவு செய்வது ஒரு வரைபடம்.

வறட்சிக் கண்காணிப்பு வரைபடம் 1999 முதல் வாராவாரம் வியாழக்கிழமை வெளியாகிறது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் தேசிய வறட்சித் தணிப்பு மையம் மத்திய அரசுத் துறைகளோடு சேர்ந்து தயாரிப்பது. டி0 என்றால் லேசான வாட்டம், டி4 என்றால் உச்சம். உங்கள் கவுண்டியில் உங்கள் புல்லின் மேய்ச்சல் பருவத்துக்குள் எந்த நிறம் எத்தனை வாரம் இருந்தது என்பதைப் பொறுத்து, எத்தனை மாதத் தீவனச் செலவு என்பது முடிவாகிறது. 2025-ல் மாறிய விதிப்படி:

டி2 தொடர்ந்து 4 வாரம் என்றால் ஒரு மாதம்.
டி2 எட்டு வாரத்தில் ஏழு வாரம் என்றால் இரண்டு மாதம்.
டி3 ஒருமுறை தொட்டாலே மூன்று மாதம்.
டி3 நான்கு வாரம், அல்லது டி4 ஒருமுறை என்றால் நான்கு மாதம்.
டி4 நான்கு வாரம் என்றால் ஐந்து மாதம்.

இதில் ஒரு விசித்திரம். கவுண்டியின் எந்த மூலையிலாவது அந்த நிறம் பட்டால் கவுண்டி முழுவதற்கும் பொருந்தும். வடக்கு மூலையில் டி3. தெற்கே உங்கள் நிலத்தில் முழங்கால் அளவு புல். ஆனாலும் உங்களுக்கு உண்டு. அதே சமயம் சாலைக்கு அந்தப் பக்கம் வேறு கவுண்டி, அங்கே டி1. அவர் புல் உங்கள் புல்லைவிட மோசமாகக் கருகியிருந்தாலும் அவருக்குக் கிடையாது. கவுண்டி எல்லைச் சாலைகளில் இதை வைத்து நடக்கும் தகராறுகளைக் காபிக் கடையில் கேட்க வேண்டும்! வரைபடம் தப்பு என்று புலம்புவதைவிட, அந்த மையத்துக்கே உங்கள் நிலத்தின் நிலையைப் படத்தோடு அனுப்பலாம். அதற்கென்று இணையத்தில் பொதுமக்களுக்கான அறிக்கைப் படிவம் உண்டு. வரைபடம் தயாரிப்பவர்கள் அதைப் பார்க்கிறார்கள். மழையே இல்லாத மாதத்தில் ஒரே ஓடையை வாரம் ஒரு படம் என்று அனுப்புங்கள்.

தொகை எவ்வளவு? மாதத் தீவனச் செலவில் 60 விழுக்காடு. ஆனால் இரண்டு கணக்குப் போட்டு எது குறைவோ அதைத்தான் தருவார்கள். ஒன்று உங்கள் உருப்படிகளின் எண்ணிக்கைப்படி, மற்றது நிலம் தாங்கும் அளவுப்படி. உங்களிடம் 100 மாடு, 1,000 ஏக்கர். அந்த வகைப் புல்லுக்கு மாட்டுக்கு 20 ஏக்கர் என்று வைத்திருக்கிறார்கள் என்றால் நிலம் தாங்குவது 50. பணமும் 50-க்குத்தான். நூறு மாடு நின்றதற்குப் படம் காட்டிப் பயனில்லை. ஆடு வைத்திருப்பவர்களுக்கு: ஓர் ஆட்டுக்கு மாட்டுத் தொகையில் கால் பங்கு.

வறட்சி தொடங்கிய நாளுக்கு முந்தைய 60 நாளும் மந்தை உங்களுடையதாக இருந்திருக்க வேண்டும். முந்தைய இரண்டு ஆண்டுகளில் வறட்சியால் விற்ற உருப்படிகளுக்கும் 80 விழுக்காட்டுக் கணக்கில் கேட்கலாம். எனவே விற்ற ரசீது பத்திரம். படிவம் சி.சி.சி-853, கடைசி நாள் அடுத்த ஆண்டு மார்ச் 1. ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் உச்ச வரம்பு. எல்.ஐ.பி.க்கும் அடுத்துச் சொல்லப்போகும் ஈலாப்புக்கும் அந்த வரம்பு இல்லை.

சொற்பத் தொகைதானே என்று சிலர் எல்.எஃப்.பி. எழுதாமல் விடுவார்கள். 2023, 2024 வறட்சிக்கு நாடாளுமன்றம் தனியாகப் பணம் ஒதுக்கியபோது, 2025-ல் அது எல்.எஃப்.பி. விண்ணப்பம் ஏற்கப்பட்டவர்கள் கணக்குக்குத் தானாகவே போய்ச் சேர்ந்தது. சோம்பேறித்தனம் பார்த்து விட்டவர்களுக்கு அந்த இரண்டாவது காசோலையும் இல்லை.

இரண்டிலும் அடங்காததற்கு: ஈலாப்

2024 பிப்ரவரி 26-ல் டெக்சாஸின் வடமுனையில் பற்றிய ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. மாநில வரலாற்றிலேயே பெரியது. ஹெம்ஃபில், ராபர்ட்ஸ் கவுண்டிகளில் பண்ணை பண்ணையாகக் கருகியது. கருகிச் செத்த மாட்டுக்கு எல்.ஐ.பி. சரி, பிழைத்த மாடு எதைத் தின்னும்? எல்.எஃப்.பி.யில் தீ என்பது மத்திய அரசு நிலத்தில் மேய்க்க அனுமதி பெற்றவருக்கு மட்டும். டெக்சாஸ் நிலமோ பெரும்பகுதி தனியாருடையது. தனியார் நிலத்தில் எரிந்த மேய்ச்சலுக்கு ஈலாப், அதாவது கால்நடை, தேனீ, வளர்ப்பு மீன் ஆகியவற்றுக்கான அவசர உதவித் திட்டம்.

எரிந்த வைக்கோல் கட்டுகள், வெள்ளத்தில் போன தீவனம், வறட்சியில் லாரி வைத்துத் தண்ணீர் ஏற்றிய செலவு, 25 மைலுக்கு மேல் தொலைவிலிருந்து வைக்கோல் கொண்டுவந்த கூடுதல் செலவு, மந்தையை வேறு மேய்ச்சலுக்கு ஏற்றிச் சென்ற செலவு, எல்லாம் இதில் கேட்கலாம். தேனீ வளர்ப்பவர்களுக்கும் இதுதான். படிவம் சி.சி.சி-851, அதே மார்ச் 1.

இங்கே ரசீது போக மைல் கணக்கும் வேண்டும். எந்த நாள், எங்கிருந்து எங்கே, எத்தனை மைல், எத்தனை கட்டு வைக்கோல் அல்லது எத்தனை கேலன் தண்ணீர். வண்டியின் டேஷ்போர்டிலேயே ஒரு நோட்டைக் கட்டிவையுங்கள். சாதாரண ஆண்டில் இந்தச் செலவு எவ்வளவு என்றும் கேட்பார்கள். நல்ல வருஷத்து ரசீதையும் அதனால்தான் வைத்திருக்கச் சொல்கிறேன்.

வேலிக்கு: ஈ.சி.பி.

எரிந்த, வெள்ளத்தில் சாய்ந்த வேலிக்கும், அடைந்துபோன குட்டைக்கும் எமர்ஜென்சி கன்சர்வேஷன் புரோகிராம். செலவில் 75 விழுக்காடு வரை. தொழிலுக்குப் புதியவர்களுக்கு 90 வரை. வேலிக்கு 25 விழுக்காடு முன்பணமும் கேட்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை: விண்ணப்பம் கொடுத்து, அவர்கள் வந்து பார்க்கும் முன் கம்பி இழுக்கத் தொடங்காதீர்கள். மாடு சாலைக்கு வந்துவிடுமே என்ற பதற்றம் புரிகிறது. தற்காலிக மின்வேலி போட்டுச் சமாளியுங்கள். நிரந்தர வேலியைத் தொடுவதற்கு முன் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு என்ன செய்யலாம் என்று கேட்டு, அதற்கும் ரசீது வாங்குங்கள்.

கடன், காப்பீடு பற்றிச் சுருக்கமாக

விவசாயத் துறைச் செயலர் உங்கள் கவுண்டியைப் பேரிடர்க் கவுண்டி என்று அறிவித்தால், ஒட்டிய கவுண்டிகளுக்கும் சேர்த்து அவசரக் கடன் திறக்கும். 5,00,000 டாலர் வரை. எட்டு மாதத்துக்குள் விண்ணப்பம். இது மானியம் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டும். மழைக் குறியீட்டை வைத்து மேய்ச்சலுக்குக் காப்பீடும் உண்டு. அதைத் தனியார் முகவரிடம், முந்தைய டிசம்பர் 1-க்குள் எடுத்துவிட வேண்டும்.

மறுத்தால்

மறுப்பு வந்தால் கடிதமாகத்தான் வரும். அதிலேயே உங்கள் உரிமைகள் அச்சாகியிருக்கும்: கவுண்டிக் கமிட்டியிடம் மறுபரிசீலனை, மத்தியஸ்தம், மாநிலக் கமிட்டி, பிறகு தேசிய மேல்முறையீட்டுப் பிரிவு. அந்தப் பிரிவு எஃப்.எஸ்.ஏ.க்குக் கட்டுப்பட்டதல்ல. கடிதம் கைக்கு வந்து 30 நாளுக்குள் எழுத வேண்டும். உறையையும் தேதி முத்திரையோடு வைத்திருங்கள். கோபத்தில் மூன்று பக்கம் எழுதுவதைவிட, எந்த எண்ணிக்கையை ஏற்கவில்லை, அதற்கு என்ன சான்று என்று அரைப் பக்கம் எழுதினால் போதும்.

கமிட்டிக்காரர்கள் கெடுபிடி என்று திட்டுகிறவர்களுக்கு ஒன்று. 2013 அக்டோபர் முதல் வாரத்தில் தெற்கு டகோடாவில் அட்லஸ் பனிப்புயல் அடித்தது. மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சலில். குளிர்காலத்து அடர்ரோமம் வளரவில்லை. முதலில் மழையில் நனைந்து, பிறகு பனியில் புதைந்தன. ஆயிரக்கணக்கில் செத்தன. அப்போது எல்.ஐ.பி. காலாவதியாகிக் கிடந்தது. மத்திய அரசு முடங்கியிருந்ததால் அலுவலகங்களும் பூட்டியிருந்தன. 2014 விவசாயச் சட்டம்தான் இந்தத் திட்டங்களை நிரந்தரமாக்கி, 2011 அக்டோபர் 1 வரை பின்னோக்கியும் பணம் தந்தது. ஆளில்லாத அந்த நாட்களில் செத்த மாட்டைப் படமெடுத்து, எண்ணி எழுதி வைத்திருந்தவர்களுக்கு மறுவருஷம் அலுவலகம் போனபோது கையில் காட்ட ஏதாவது இருந்தது.

பணம் வந்த பிறகு

நேராக வங்கிக்கு வரும். அடுத்த ஜனவரியில் 1099-ஜி என்ற தாள் வரும். இது வருமானம், வரிக் கணக்கில் பண்ணை வருமானத்துக்கான ஷெட்யூல் எஃப் படிவத்தில் காட்ட வேண்டும். வறட்சியால் வழக்கத்துக்கு மேல் மாடு விற்க நேர்ந்தவர்கள், அந்தக் கூடுதல் விற்பனையின் வரியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளவோ, குறிப்பிட்ட காலத்துக்குள் திரும்ப மாடு வாங்கினால் ஒத்திவைக்கவோ வழியுண்டு. வரிக்கணக்கர் நகரத்துக்காரர் என்றால் இது அவருக்கு நினைவுக்கு வராது. நீங்களே கேளுங்கள்.

ரசீதுகளை எரித்துவிடாதீர்கள். பணம் கொடுத்தபின்பும் திடீர்ச் சோதனைக்கு உங்கள் கோப்பை எடுப்பார்கள். என் கோப்பில் ஒன்பது குட்டிகளுக்கான தாள் இன்னும் இருக்கிறது: பெரியவர் பென்சிலால் எழுதிக் கொடுத்த ஏழு வரி, கீழே அவர் கையெழுத்து, ஓரத்தில் காபிக் கறை.